பறியில் சுற்றிய ரேடியம்

என் அம்மாவுக்குக் குரல் உண்டு. வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் கோட்டைக்குப்பம் முழுக்கக் கேட்கும். ஆனால் ஏரிக்குள் அவளால் கத்த முடியாது. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் தடவும் பெண்கள், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்வி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டுதான் தண்ணீரில் தவழ்வார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள், வாயில் பறி. ஒரு நாள் இருட்டும் நேரத்தில் ஓர் என்ஜின் படகு அம்மாவின் தலையை உரசாத குறையாகப் போனது. அங்கே ஒருத்தி இருந்ததே படகுக்காரருக்குத் தெரியாது. கரையேறிய அம்மா, "ஒண்ணுமில்ல, வா போலாம்" என்றாள். நான்தான் அந்தப் படகு போன திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அம்மன் திருவிழாவுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சென்னையில் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் வேலை. காகிதத்தில் சுற்றி ஒரு ரேடியம் டேப் கொண்டுவந்திருந்தார்.

"இத பறில சுத்திக்கோக்கா. கொஞ்ச நேரம் வெளிச்சத்துல காட்டிட்டா போதும், இருட்டுல பச்சையா எரியும். எந்தப் படகுக்காரனுக்கும் தெரியும்."

வெளிச்சம் காட்டும் பொறுப்பை நான் பிடுங்கிக்கொண்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. ஊரிலேயே பெரிய வெளிச்சம் கோயில் வாசலில் இருக்க, எங்கள் வீட்டு அழுக்கு பல்பு எதற்கு? அம்மனுக்கு உகந்தது என்று அந்த வாசலில் எல்லாமே சிவப்பு விளக்குகள்தான். பெரிய ஃபோகஸ் லைட்டின் முன்னால் நின்றால் முகம் சுடும். பூஜை முடியும்வரை டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை கடுத்தது. பிறகு ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் இருட்டில் போய்ப் பார்த்தால், டேப் இருக்கும் இடமே தெரியவில்லை.

"இன்னா மச்சான், செத்த ரேடியத்த வாங்கியாந்துட்டியா?" என்று நைனா, என் அப்பா, சிரித்தார். மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. நான் அழுதேன். திருவிழா என்றாலும் அம்மா அன்றைக்கும் ஏரிக்குப் போக வேண்டும். என் அழுகையை நிறுத்துவதற்காகவே அவள் அந்தச் செத்த டேப்பைப் பறியில் சுற்றிக்கொண்டாள்.

போகிற வழியில், ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்தாள். பஜ்ஜித் தட்டுக்கு மேலே ஈ அடிக்கும் ஊதா விளக்கு ஒன்று உண்டு. எதிரில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாத நோஞ்சான் விளக்கு. அதன் கீழே இருந்த ஆணியில் பறியை மாட்டிவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ ஆறிப்போயும் எழுந்திருக்கவில்லை. "போலாம்மா" என்று நான்தான் நச்சரித்தேன்.

அம்மா தண்ணீரில் இறங்கினாள். இருட்டில் அவள் முதுகின்மேல் ஒரு பச்சை வளையம் நகர்ந்து போனது! கரையில் நின்ற நான் கத்தியே விட்டேன். கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம். நேராக வந்த படகு சட்டென்று வளைந்தது.

"யாரும்மா அது? நான் ஒதுங்கிக்கிறேன், நீ பயப்படாத!"

அம்மன் கொடுக்கும் வெளிச்சம் மெதுவாகத்தான் ஏறும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். மாமாவும் உடனே ஒப்புக்கொண்டார். அவர் மானம் திரும்பக் கிடைத்துவிட்டதே. திருவிழா முடிந்த பிறகும் கோயில் வாசலில் எரியும் சிவப்பு பல்புக்குத் தினமும் பறியைக் காட்டிய பிறகே அம்மாவை அனுப்புவேன். அவளும் தினமும் அந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டே ஏரிக்குப் போவாள்.

பல வருஷம் கழித்து, பொன்னேரிக் கல்லூரியில் இயற்பியல் வகுப்பில்தான் குட்டு வெளிப்பட்டது. ஒளி பொட்டுப் பொட்டாக வருகிறதாம். ஒரு பொட்டின் ஆற்றலைத் தீர்மானிப்பது அதன் அதிர்வெண். நாம் நிறமாகப் பார்ப்பது அதைத்தான். விளக்கு எவ்வளவு பெரியது என்பது பொட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டும். சிவப்பில் எத்தனை கோடிப் பொட்டுகள் வந்து விழுந்தாலும் ஒவ்வொன்றும் வலுவில்லாதது. ரேடியத்தை எழுப்ப அதனால் ஆகாது. ஊதாவில் வருவது கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் அந்த வலு உண்டு. அம்மன் பெயரில் நான் எழுதிவைத்த பெருமையெல்லாம் பஜ்ஜிக் கடையைச் சேர வேண்டியது. வகுப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் சிரிப்பு நின்றது. அம்மாவுக்கு டீ பிடிக்காது. வீட்டில் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டாள். அந்தப் படகு உரசப் பார்ப்பதற்கு முன்னால், ஒரு நாள்கூட நாங்கள் அந்தக் கடையில் நின்றதில்லை. "ஒண்ணுமில்ல" என்று சொன்னவள், தண்ணீரில் இறங்கப் பயந்து உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் பறிக்கு வெளிச்சம் ஏறியிருக்கிறது. நானோ பக்கத்திலேயே நின்று, எழுந்திரு எழுந்திரு என்று அவளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.