மேல்கம்பி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலைப் பஸ்ஸில் அவரைப் பார்ப்பேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். சீட் கிடைத்தாலும் உட்காராமல், நின்று வரும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டு வருவார்.

எரிச்சலில் ஒருநாள் கேட்டேவிட்டேன்: "அங்க என்னத்தப் பாக்கீக அண்ணாச்சி?"

அவருக்குக் கோபமே வரவில்லை. "பஞ்சு மில்லுக்கு ஆள் சேத்து விடுதேன் சார். அந்தா, அந்தப் பிள்ளைக்கு மேல்கம்பி எட்டிருச்சு. மில்லு மெஷினும் அம்புட்டு உயரந்தான். இனி எம்புட்டு நாளைக்குப் படிக்கப் போகுது? ஒம்பதாப்போட நின்னுரும்."

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அந்தப் பிள்ளை பஸ்ஸில் இல்லை.

இன்று காலை என் மகள் எக்கிக் கம்பியைப் பிடித்து, "அப்பா, எட்டிருச்சு!" என்று கத்தினாள்.

"எத்தனாப்பு படிக்கே தாயி?" என்று பின்னாலிருந்து அன்பாகக் கேட்டார் அவர்.