எட்டுப் பங்கும் இரண்டு காவலும்

முனிரத்தினம் சார் இறந்துவிட்டார் என்று நம்மோடு வேலை பார்த்த நாகராஜ் போனில் சொன்னபோது நான் அழவில்லை. "யாரு பாத்தது?" என்றுதான் கேட்டேன். "ஏம்மா ஷம்ஷாத், சாவுச் சேதியில கூடவா?" என்று நாகராஜ் திட்டினார். ஆனால் அந்த மனிதர் நம் ஓசூர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ஆபீசராக நின்ற காலத்தில் வேலை பார்த்த யாருக்கும் முதலில் இந்தக் கேள்விதான் வந்திருக்கும். நாகராஜ் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்குச் சொன்னவரே சார்தான். நாகராஜ் மன்னிக்க வேண்டும்.

தேன்கனிக்கோட்டை பஸ் தாமதமானால் எல்லாரும் யானையைச் சொல்வோம், நினைவிருக்கிறதா? ரோட்டில் யானை நின்றது என்றால் எந்த மேனேஜரும் மேலே பேசமாட்டார். சார் பேசுவார். வந்தவர்களைத் தனித்தனியாக நிறுத்தி, "எந்தப் பக்கமாப் போச்சு? குட்டி இருந்துச்சா?" என்பார். ஒருவர் கிழக்கே அனுப்பிய யானையை இன்னொருவர் மேற்கே அனுப்பியிருப்பார். இருவருக்கும் அரை நாள் லீவு விழும். ஒருநாள் நிஜமாகவே யானை வந்து, எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சார் முகம் இன்னும் இறுகிவிட்டது. "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. பேசி வச்சிக்கினு வந்திருப்பாங்களோ?" என்றார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. இரங்கல் எழுதும்போது இதைச் சொல்லக்கூடாதுதான். ராயக்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்த என் டிபன் டப்பாவை ஒரு மாலைகூட விடாமல் திறந்து பார்ப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த அறைக்கு மோடம் வந்தது. நம் டிராயிங்குகளை டெலிபோன் கம்பி வழியாகப் பெங்களூர் தலைமை ஆபீசுக்கு அனுப்பும் பெட்டி. அதன் அட்டைமேல் 9600 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மேனேஜர் அதை வினாடிக்கு 9600 எழுத்து என்று படித்துக்கொண்டார். ஒரு டிராயிங் ஒரே நிமிடத்தில் போய்விடும் என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டார். போனதோ பத்து நிமிடம்.

மீதி ஒன்பது நிமிடம் லைன் யாரோடு பேசியது என்று மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது. எதிர்ச் சாலையிலேயே நாம் செய்த அதே இயந்திரப் பாகத்தைச் செய்கிற இன்னொரு கம்பெனி இருந்தது. அது போதாதென்று, நான் பெங்களூருக்குப் போன் செய்து, "அது பைட் இல்லீங்க சார், பிட்டு. பிட் பிட்டாத்தான் போவுது" என்று விளக்கியதைக் கதவோரம் நின்ற வாட்ச்மேன் கேட்டுவிட்டார். பரீட்சை எழுதிய எவருக்கும் பிட் என்றால் ஒளித்துக் கொடுக்கிற துண்டுச் சீட்டுதானே. "அந்தம்மா போன்ல பிட் அனுப்புது சார்" என்று நேரே மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

என்னை வெளியே அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. டிராயிங் திருடி என்ற பெயரோடு போனால் ஓசூரில் எந்த கேட்டும் எனக்குத் திறக்காது. விசாரிக்க மேனேஜர் அனுப்பியது யாரை? முனிரத்தினம் சாரை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

வந்தார். நாற்காலியைத் திரைக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லும்மா, யாருக்கு அனுப்பற?"

"யாருக்கும் இல்ல சார். ஒரு எழுத்துன்னா ஒரு பைட். அதுக்குள்ள எட்டு பிட் இருக்குது. பெட்டி மேல போட்டிருக்கறது பிட்டுக் கணக்கு. எட்டால வகுக்கணும்."

வகுத்தார். வினாடிக்கு 1200 எழுத்து வந்தது. "அப்ப எட்டு நிமிசந்தான ஆவணும்? மீதி ரெண்டு நிமிசம் எங்க போச்சு?"

லைனில் இரைச்சல் என்றேன். "தெனமும் அளந்து வச்ச மாதிரி ரெண்டே நிமிசம் இரையுமா?" என்றார்.

அப்புறம் திரையில் இருந்த ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு இது என்ன, அது என்ன என்று கேட்டார். மூலையில் மோடத்தின் அமைப்பு இருக்கும். முதலில் எட்டு, கடைசியில் ஒன்று. "எட்டு சரி. ஓரத்துல ஒண்ணு நிக்குதே, அது யாரு?"

"ஸ்டாப் பிட் சார். எழுத்து முடிஞ்சிதுன்னு சொல்றதுக்கு."

அந்த ஒன்றின்மேல் விரலை வைத்தார். "வெளிய போற கேட்டுக்கு ஆள் போட்டவன், உள்ள வர்ற கேட்டுக்குப் போடாம இருப்பானா?"

அப்போதுதான் உறைத்தது. ஸ்டார்ட் பிட்! படித்ததுதான், பயத்தில் மறந்து தொலைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு காவல், பின்னால் ஒரு காவல். கம்பியில் போவது எட்டு இல்லை, பத்து. பத்தால் வகுத்தால் வினாடிக்கு 960 எழுத்து. டிராயிங் போய்ச்சேரப் பத்து நிமிடம்.

அப்போதும் சார் நம்பவில்லை. போனில் பெங்களூரைக் கேளுங்கள் என்றால், "போனே சந்தேகம், அதுலயே கேக்கறதா?" என்று பஸ் ஏறிவிட்டார். மறுமுனையில் கைக்கடிகாரத்தோடு நின்று, வந்து சேர்ந்த எழுத்துகளையும் ஆன நேரத்தையும் சரிபார்த்துத் திரும்பினார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். "இந்தம்மாவ நான் நம்பல சார். ஆனா கணக்கு ஒத்து வருது. பெட்டிய நீங்கதான் தப்பாப் படிச்சிருக்கீங்க" என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; சார் விடவில்லை. "ஒண்ணு கேக்கறேன். விசாரணை முடியறதுக்குள்ள இவங்கள அனுப்பிடணும்னு உங்களுக்கு ஏன் சார் இவ்ளோ அவசரம்?"

அந்த அறையில் வேறு யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். என் வேலை பிழைத்தது. அன்று மாலையும் கேட்டில் என் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டு வரை அழுதுகொண்டே போனேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக நின்றவரிடம், "இப்பவாச்சும் என்னை நம்பறீங்களா சார்?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை. "எட்டுப் பங்கு நம்பறேம்மா. ரெண்டு பங்கு காவலுக்கு" என்றார்.

உன்னை முழுசாக நம்புகிறோம் என்று சொன்னவர்கள் விசாரணை நடந்த அந்த வாரம் கேன்டீனில் என் பக்கத்தில் உட்காரவில்லை. நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நம்பாத மனிதர்தான் எனக்காகப் பெங்களூர்வரை போய்வந்தார். இன்று யார் எந்த வேகத்தைச் சொன்னாலும் பிட்டா பைட்டா என்று கேட்கிறேன். யார் என்ன சத்தியம் செய்தாலும் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் நம்புகிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் கைப்பையைப் பார்க்காமலே உள்ளே விட்டார்கள். அப்போதுதான் அழுகை வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை எட்டுப் பங்கு நம்புகிறேன், சார்.