பட்டாளத்துச் சாமியின் கம்பளி

1988-ஆம் வருடம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு புதன்கிழமை வீட்டில் படைப்பு என்றார்கள். என் கணவரின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி. முதல் உலகப்போர் சமயத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தவர். கல்யாணம் ஆகாமலே இறந்துபோனதால் அவர்தான் வீட்டுச் சாமி. புது மருமகள் வந்தால் அந்த வருடப் படையலை அவள்தான் சமைக்க வேண்டுமாம். எனக்குச் சொன்னது இவ்வளவுதான்.

என் கெட்ட நேரம், முந்தின நாளே எனக்குக் காய்ச்சல். சாமி காரியத்துக்குத் தடங்கல் பண்ணினாள் என்று பேர் வந்தால் ஜென்மத்துக்கும் போகாதே. யாரிடமும் மூச்சுவிடாமல் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் நின்றேன். கொதித்தது கோழிக்குழம்பா நானா என்று தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காலையிலிருந்து இருமிக்கொண்டே திரிந்தன. மாமியாரைக் கண்டால் இருமல் கூடும். அவர் அந்தப் பக்கம் போனால் நின்றுவிடும். இது என்ன குடும்பமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இலை போட்டு எல்லாம் படைத்தாயிற்று. பக்கத்தில் வேட்டி, சட்டை, சுக்குக் காப்பி, மடித்த புதுக் கம்பளி. மாமியார் சூடம் கொளுத்தினார். எல்லாரும் கும்பிட்டு நிற்கையில் எனக்கு ஒரு தும்மல் வந்தது பாருங்கள், சூடமே அணைந்துபோனது. எனக்கு உயிரே இல்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

மாமியார் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏட்டி, இம்புட்டுக் காய்ச்சலோடயா அடுப்புல நின்ன? ஒருத்தர்ட்டயும் சொல்லாம?"

தலையாட்டினேன்.

"நம்ம சாமியும் இப்படித்தான். பட்டாளத்துல விஷக்காய்ச்சல் வந்து முகாமே விழுந்து கெடந்தப்போ அம்புட்டுப் பேரையும் பாத்தாவ. தனக்குக் காய்ச்சல்னு மட்டும் வாயே தொறக்கல. அதுலயே போய்ட்டாவ. கூட இருந்த சேத்தூர்க்காரர் வந்து சொல்லித்தான் வீட்டுக்கே தெரியும். சின்ன வயசு."

பிறகு சூடத்தைத் திரும்பக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அந்தக் கம்பளியை எடுத்து என்னைப் போர்த்தினார். படைப்பன்று வீட்டில் யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவருக்குத்தான் கம்பளியும் முதல் இலையும். அன்று அவர் ஒரு துரும்பையும் நகர்த்தக் கூடாது. பிள்ளைகள் என்றால் பள்ளிக்கூடமும் கிடையாது. இருமலின் ரகசியம் அப்போதுதான் விளங்கியது.

"சித்திக்குக் கெடச்சிட்டே. காலையிலேருந்து இருமுனதெல்லாம் வீணாப் போச்சு" என்று மூத்தார் மகள் முனகினாள். அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன்.

எனக்குப் பரிமாறியது மாமியார். பாத்திரம் துலக்கியது மாமனாரும் என் வீட்டுக்காரரும். நான் கம்பளிக்குள் மகாராணி மாதிரி உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தேன். பிறந்த வீட்டை நினைத்து அழாமல் நான் தூங்கிய முதல் நாள் அது.

இப்போது படையல் போடுவது நான். பேரப்பிள்ளைகள் இருமுகிற இருமலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஒவ்வொரு கழுத்தாகத் தொட்டுப் பார்ப்பேன். தனக்கு முடியவில்லை என்று சொல்ல வாய் வராமலே போன அந்தப் பையன், அதைக் கூசாமல் சொல்லக்கூடிய ஒரு வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.