வரையாடு பார்க்கப் போன நாள்

அந்தச் சுற்றுலாவில் எந்தெந்த இடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தது நான்தான். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் டீச்சர்கள் ஆளுக்கு ஒருவரைத் தங்கள் வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு வேனில் மூணாறு பக்கம் போவதாகப் பேச்சு. முதலில் மலை மேலிருக்கும் தேசியப் பூங்காவில் வரையாடு, அடுத்து தேயிலைத் தோட்டத்து அருவி, கடைசியாக அணை. எங்கே எவ்வளவு நேரம் நிற்பது என்பது வரை எழுதி எல்லோருடைய போனுக்கும் அனுப்பியிருந்தேன். மற்ற டீச்சர்களின் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஒரு வேலையை நான் கையில் எடுத்தால் அதில் யாரும் குறை சொல்லிவிடக் கூடாது.

நான் அழைத்துப் போனது அம்மாவை. திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் இருபது ஆடு வளர்க்கிறாள். அதுவரை மலை ஏறியதில்லை. பாளையம்பட்டியில் வேனுக்குக் காத்து நின்றபோதே சொல்லிவைத்தேன்.

"அங்க வந்து சத்தமாப் பேசாத. எதையும் தொடாத. எங்கூடவே நில்லு."

"நான் என்ன சின்னப்புள்ளையா? வாயத் தொறக்கலத்தா, போதுமா?"

பூங்கா வாசலில் வேனை நிறுத்திவிட்டு அவர்களுடைய பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து ஒரு தார்ச்சாலை மலையை ஒட்டி ஏறுகிறது. ஒரு பக்கம் கரும்பாறை, மறுபக்கம் பள்ளம். மேகம் வந்து பள்ளத்தை மூடுகிறது. சற்று நேரத்தில் விலகினால் எதிர்மலையில் ஓடைகள் வெள்ளையாக இறங்குவது தெரிகிறது. அந்தப் பூங்காவிலேயே அழகான இடம் அந்த வளைவுதான். அதற்கென்று அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தேன். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அம்மா மேகத்தைப் பார்க்கவில்லை. பாறையில் நின்ற ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அந்தப் பெட்ட நொண்டுது பாரு."

"அது வரையாடு. காட்டு விலங்கு. பேசாம இரு."

"எதா இருந்தா என்ன, ஆடுதான? முன்னங்காலு குளம்புல என்னமோ குத்திருக்கு."

நான் அடுத்த படத்துக்குத் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து நாக்கைச் சொடுக்கும் சத்தம் கேட்டது. மேய்ச்சலில் ஆட்டைக் கிட்டே வரவழைக்க எங்கள் ஊரில் எழுப்பும் சத்தம் அது. அங்குள்ள ஆடுகள் ஆட்களைப் பார்த்துப் பழகியவை. அந்தப் பெட்டை இறங்கி வந்து சாலையோரம் நின்றது. கருவேல முள் எடுக்க வீட்டில் தினமும் செய்வதையே அம்மா அங்கேயும் செய்தாள். அதன் கழுத்தை இரண்டு முழங்கால்களுக்கிடையில் இடுக்கி, காலைத் தூக்கி, வளையலில் கிடந்த ஊக்கைக் கழற்றிக் குளம்பின் பிளவில் விட்டு நெம்பினாள். கூரான சின்னக் கல் ஒன்று தெறித்து விழுந்தது. ஆடு உதறிக்கொண்டு பாறையில் ஏறிப் போனது. அது நொண்டாமல் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய போனும் அம்மா பக்கம் இருந்தது.

"உங்கம்மா ஆட்டுச்சந்தைக்கு வந்துட்டோம்னு நெனச்சுட்டாகளா டீச்சர்?" என்றாள் கணக்கு டீச்சர். "நல்லவேளை, பல்லப் புடிச்சுப் பாக்காம விட்டாக!"

அத்தனை பேரும் சிரித்தார்கள்.

பூங்காக் காவலர் ஓடி வந்து எங்களை வழியிலிருந்த அறைக்கு அழைத்துப் போனார். வயதானவர், நன்றாகத் தமிழ் பேசினார். வனவிலங்கைத் தொடுவது கேஸாகிற குற்றம் என்று சத்தம் போட்டார். அம்மா கைகூப்பி நிற்பதைப் பார்த்து இறங்கி வந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டாங்கன்னு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்க. போதும்."

அவர் சொன்னபடி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். கூடவே வந்த கணக்கு டீச்சர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாத ஆடு மேய்ப்பவளின் மகளாக இருப்பதைவிட, நோய்கண்ட தாயைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் மகளாக இருப்பது அந்த நேரத்தில் மேலாகத் தோன்றியது. என் தாயார் மனநிலை சரியில்லாதவர், பல வருடங்களாக மருந்து சாப்பிட்டு வருகிறார் என்று எழுதினேன். ஒரு பிழையில்லாமல், அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அம்மா கைநாட்டு வைக்கக் காவலர் மைப்பெட்டியை நகர்த்தி வைத்தார்.

"மையி வேணாங்கய்யா" என்றாள் அம்மா. "எம்பொண்ணு எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்துருக்கா." பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்னத்தா எழுதிருக்க?"

"மன்னிப்புக் கேட்டுருக்கேன். போடு."

ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினாள். புள்ளியைக்கூட விடவில்லை.

காவலர் கடிதத்தை வாசித்ததும் அவருடைய குரல் மாறிவிட்டது. குழந்தையிடம் பேசுவதுபோல், "பயப்படக் கூடாது, ஒண்ணுமில்ல" என்று அம்மாவின் கையைப் பிடித்து பஸ் வரைக்கும் கூட்டி வந்தார்.

"தங்கமான மனுசன்" என்றாள் அம்மா. "அம்புட்டுத் திட்டிட்டு, கையப் புடிச்சுல்ல கூட்டியாந்து விடுறாரு."

கீழே வந்து வேனில் ஏறியதும் கணக்கு டீச்சர் முன் சீட்டிலிருந்து திரும்பினாள்.

"அம்மாவுக்கு எத்தன வருசமா மனசு சரியில்லாம இருக்கு டீச்சர்? நீங்க எழுதுனதப் பாத்துத்தான் எனக்கே தெரியும். எங்ககிட்டச் சொல்லவே இல்லையே."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பொய்யாக எழுதினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அம்மா அதற்குத்தான் காத்திருந்தாள்.

"அஞ்சாறு வருசமா" என்றேன்.

அருவியில் அவள் வேனை விட்டு இறங்கவில்லை. முழங்கால் வலி என்று மற்றவர்களிடம் நானே சொன்னேன். அணைக்கு வந்ததும் மற்றவர்கள் இறங்கிப் போகட்டும் என்று பொறுத்திருந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"எறங்கும்மா. நம்ம ஊருக் கண்மாய் மாதிரி நூறு கண்மாய்த் தண்ணி கெடக்கு. வந்து பாரு."

அவள் திரும்பாமல் சொன்னாள். "பைத்தியக்காரிய எதுக்குத் தண்ணிகிட்ட கூட்டிப் போற? விழுந்து தொலைச்சான்னா அதுக்கும் நீ ஒரு கடுதாசி எழுதணும்."

படகுத்துறையிலிருந்து கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டாள். நான் வேன் கதவை இழுத்துச் சாத்தினேன். அம்மாவைத் தனியாக விட வேண்டாம், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிரைவரிடம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் படகுக்குப் போனேன்.