தரணேந்திரன் கழிக்கச் சொன்ன நூற்றிருபது மீட்டர்

செவ்வாய்க்கிழமை காலை தேரடித் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பயிற்சிக் கூடத்தின் முதல் அணி மாணவி சுமதி போனில் அழைத்தாள்.

"சார், தரணி சார் தவறிட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதுக்குள்ள…"

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். கீழ்பென்னாத்தூர் சாலையில், பிரித்துப்போட்ட ஃபைபர் கேபிளுக்கு முன்னால் இருந்தாள்.

"இன்னும் ஒன்பது இழை பாக்கி சார். ஒட்டி மூடிட்டு வந்துடறேன். பாதில எழுந்து வந்தா அவருக்கே புடிக்காது."

அவள் மதியம்தான் தரணேந்திரன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வாசலில் நின்ற உறவுக்காரர் ஒருவர், "வேலை கத்துக் குடுத்த மனுஷன் போயிட்டாரு, இப்பத்தான் வருது பாரு" என்று முணுமுணுத்தார். தரணேந்திரனின் மனைவி அது காதில் விழாதவர்போல் சுமதியைப் பார்த்து, "டெஸ்ட் பண்ணியா?" என்றார்.

"ரெண்டு பக்கமும் பண்ணிட்டேம்மா."

"அப்ப உள்ள போய் பாரு."

தரணேந்திரனை அறிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுந்துபோன ஃபைபர் கேபிளைக் கண்டுபிடித்து ஒட்டுவதற்கு நம் ஊரில் ஆட்களைப் பழக்கியவர் அவர். செங்கம் சாலையில் நாங்கள் நடத்திய சிறு பயிற்சிக் கூடத்தில் செய்முறை முழுவதும் அவருடையது. பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற நான், ஒளி கண்ணாடி இழைக்குள் எப்படிப் போகிறது என்ற பாடத்தை எடுத்தேன். அவர் என்னைவிட எட்டு வயது இளையவர். கடைசிவரை அவர் என்னை "சார்" என்றும், நான் அவரை "தரணி" என்றும்தான் அழைத்துக்கொண்டோம்.

அவர் பிடிவாதம் ஒன்றே ஒன்று. "நம்ம ஊர்ல அறுந்தா நம்ம ஊர் ஆளுங்கதான் ஒட்டணும். மெட்ராஸ்ல இருந்து வேன் வர்ற வரைக்கும் ஏன் காத்துக்கினு இருக்கணும்?" முதல் அணியில் பதினொரு பேர். அவர்களுக்கு வேலை வாங்கித் தர ஒரு நிறுவனத்தின் மேலாளரிடம் நடையாக நடந்தார். கடைசியில் அந்த மேலாளர், "அடுத்த தடவை கிரிவலப் பாதையில லைன் போச்சுன்னா உங்க ஆளுங்க பார்க்கட்டும். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிச்சா வேலை உங்களுக்கு. இல்லன்னா பழையபடி மெட்ராஸ் டீம்தான்" என்றார்.

அந்த அடுத்த தடவை, பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. நண்பகலில் அடி அண்ணாமலைப் பக்கம் கேபிள் அறுந்து, பாதையோரக் கேமராக்களும் முதலுதவிக் கூடங்களின் தொலைபேசிகளும் ஒருசேர நின்றன. தரணி மறுமுனையைச் சோதிக்கப் போனார். இந்த முனையில் மாணவர்களுடன் நான் இருந்தேன்.

கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது அல்லவா? அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் என்று சொல்லிவிடலாம். எங்கள் கருவியும் அப்படித்தான். இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்து அறுந்த தூரத்தைக் காட்டும். அன்று இரண்டாயிரத்து முந்நூறு மீட்டர் காட்டியது. வகுப்பில் நான் பலமுறை போட்டுக் காட்டிய கணக்கு. அளவுச் சக்கரத்தைச் சாலையோரம் உருட்டச் சொன்னேன். சரியாக இரண்டாயிரத்து முந்நூறில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, "இங்கே தோண்டுங்கள்" என்றேன். பாறை கலந்த மண். ஒன்றரை மணி நேரம் தோண்டினார்கள். கேபிள் வெளிப்பட்டது. ஒரு கீறல்கூட இல்லை.

சுமதி மட்டும் ஆரம்பத்திலேயே, "சார், லூப்பு…" என்று இழுத்தாள். "கருவி பொய் சொல்லாதம்மா" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

தரணி வண்டியை நிறுத்திவிட்டு வந்து குழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லூப் எத்தினி கழிச்சீங்க சார்?"

"கழிக்க வேண்டுமா?" என்றேன்.

"புடவை அஞ்சரை மீட்டர் நீளம். கட்டுறவங்க சுத்தளவு அஞ்சரை மீட்டரா சார்? கொசுவம் இருக்குதில்ல?"

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு சேம்பரிலும், அதாவது சாலையோரக் கேபிள் தொட்டியிலும், பதினைந்து மீட்டர் கேபிளைச் சுருட்டி உபரியாக வைத்திருப்பார்கள். அதுதான் லூப். கருவி அந்தச் சுருளையும் சேர்த்தே அளக்கும். சாலையில் உருளும் சக்கரத்துக்குச் சுருள் தெரியாது. எட்டு சேம்பர், நூற்றிருபது மீட்டர். தரணி திரும்பி நடந்தார். நாங்கள் சக்கரத்தோடு பின்னால் போனோம்.

நூற்றிருபது மீட்டர் முடிந்த இடத்தில் அன்னதானப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. கேபிள் அதிக ஆழமில்லாமல் போகும் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் இரும்பு முளை அடித்திருந்தார்கள்.

"யோவ், அதுல கை வைக்காதீங்க! நாளைக்கு ஆயிரம் பேருக்கு சாம்பார் சாதம் போடணும்" என்று பந்தல்காரர் ஓடி வந்தார்.

"தாராளமா போடுங்கண்ணா. ஜோதி சொரூபமா சாமி நிக்கிற ஊர்ல, வெளிச்சம் போற லைன்லயே முளை அடிச்சுட்டீங்களே, அதை மட்டும் கழட்டித் தாங்க" என்றார் தரணி.

பந்தல்காரர் சிரித்துவிட்டார். கடப்பாரையை அவரே எடுத்து வந்தார். முளை கேபிளை நடுவில் குத்தி அறுத்திருந்தது.

என்னைத் தவறவைத்த அந்த லூப்தான் பிறகு கைகொடுத்தது. பக்கத்துச் சேம்பரிலிருந்து உபரியை இழுத்ததால் ஒரே இடத்தில் ஒட்டினால் போதும் என்றானது. இல்லாவிட்டால் துண்டு கேபிள் போட்டு இரண்டு இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இருபத்து நான்கு இழைகள். தரணி கை வைக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். சுமதியும் மற்றவர்களும் மாற்றி மாற்றி ஒட்டினார்கள்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கேமராக்கள் உயிர் பெற்றன. "லைன் வந்துடுச்சு சார், சொல்லிடலாமா?" என்று ஒருவர் துள்ளினார்.

"வந்தது பாதி லைன். மீதி இழையை ரெண்டு பக்கமும் டெஸ்ட் பண்ணு" என்றார் தரணி.

"மணி ஆயிடும் சார்!"

"ஆவட்டும்."

மேலாளரிடமிருந்து போன் வந்தபடி இருந்தது. தரணி எடுக்கவில்லை. இரண்டு இழைகளில் ஒட்டு சரியில்லை என்று சோதனையில் தெரிந்தது. பிரித்து மறுபடி ஒட்டவைத்தார். முடிந்ததும்தான் பேசினார். "இருபது நிமிஷம் லேட்டு சார், ஒத்துக்கிறேன். ஆனா இந்த இடத்துக்கு இன்னொரு தபா யாரும் வரத் தேவையில்ல." "மூணு மாசம் பார்க்கலாம்" என்றார் மேலாளர். அந்த மூன்று மாதம் இன்றும் முடியவில்லை. பதினொரு பேரும் வேலையில் இருக்கிறார்கள்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தரணி சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அவர்கள் வீட்டு நியமம். தினமும் ஐந்தரைக்கு டப்பாவைத் திறப்பார். அன்று திறக்கவில்லை. வேலை முடிந்தபோது பொழுது இறங்கிவிட்டது. என் குழி தின்ற ஒன்றரை மணி நேரம் இல்லாவிட்டால் நிதானமாகச் சாப்பிட்டிருப்பார். டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சாப்பிடுங்க சார். குழி தோண்ட வெச்சவங்களுக்குத்தான் பசி ஜாஸ்தி."

எலுமிச்சை சாதமும் புடலங்காய்க் கூட்டும். என் தவறால் அவர் இழந்த உணவை, அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவர் தண்ணீரைக்கூடத் தொடாமல் மறுநாளைக்கான கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் கூடத்துக்குப் போக விரும்பவில்லை. போனில் சொன்னேன். "அப்ப அந்தக் குழியைப் பத்தி யாரு சார் பாடம் எடுக்கிறது?" என்றார்.

"நீங்களே எடுங்கள், தரணி."

"நான் எடுத்தா அது உங்களைக் குத்தம் சொல்றதா ஆயிடும். நீங்க எடுத்தாத்தான் பாடம்."

போனேன். ஆயுள் முழுக்கக் கரும்பலகையின் முன் நின்றவன், முதன்முறையாக என் தவறான கணக்கை அதில் எழுதினேன். சுமதியின் பேச்சைக் கேட்காததையும் சொன்னேன். தரணி கடைசி வரிசையில் உட்கார்ந்து, மாணவரைப்போல் குறிப்பெடுத்தார். அன்று முதல் ஒவ்வோர் அணிக்கும் முதல் பாடம் அதுதான். சென்ற ஆண்டு முழங்கால் வலியால் நான் வகுப்புகளை நிறுத்தியபோதும், "உங்க பாடத்தை வேற யாரும் எடுக்க முடியாது சார்" என்று அதை மட்டும் எனக்கு ஒதுக்கியே வைத்திருந்தார்.

அவருடைய கருவிகள் சுமதியிடம் போய்விட்டன. அதுதான் முறை. செய்முறையை இனி அவளே நடத்தப் போகிறாள். அவர் எனக்கென்று விட்டுச்சென்றது, எல்லார் முன்னிலும் "நான் தவறாகத் தோண்டினேன்" என்று குரல் நடுங்காமல் சொல்லும் பழக்கம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை புதிய அணி வருகிறது. கூடம் நடக்குமா என்று சிலர் கேட்கிறீர்கள். நடக்கும். ஒன்பது மணிக்கு நான் அங்கே இருப்பேன். இரண்டாயிரத்து முந்நூறு என்று பலகையில் எழுதி, எங்கே தோண்டலாம் என்று கேட்பேன்.