பாதைக்குக் கீழே ஒரு குழாய்

போன வாரம் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் பசை டப்பாவைத் திறந்ததும், அந்தக் காரமான வாசனை கூடம் வரை வந்துவிட்டது. எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கத்தில் ஒரு உச்சி வெயில் ஞாபகம் வந்தது.

அப்போது ஐ.டி.ஐ. முடித்த கையோடு, சொட்டுநீர்க் குழாய் போடும் தேவராஜ் மேஸ்திரியிடம் சேர்ந்திருந்தேன். சான்றிதழைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த காலம். யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த ஊர்களில் திடீரென்று பப்பாளி ஆசை பிடித்திருந்தது. வீட்டுக்கு ஒருவர் குவைத்துக்கோ சென்னைக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் அங்கே சிந்திய வேர்வைதான் இங்கே கருப்பு ட்யூபாக நிலத்தில் ஓடியது.

வள்ளியம்மாவின் கணவரும் குவைத்தில்தான் இருந்தார். நாற்பது வயது வரை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர் அந்த அம்மா. சர்க்கார் பட்டாவாகக் கிடைத்த ஒன்றரை ஏக்கரில் அவர் சொந்தமாக வைத்த முதல் தோட்டம் அது. போர்க்கிணறு ஒரு பக்கம், நடவேண்டிய நிலம் மறுபக்கம், நடுவில் ஒரு வண்டிப்பாதை. குழாய் அந்தப் பாதைக்குக் கீழேதான் போயாக வேண்டும்.

நாற்றுகள் காலையிலேயே டிராக்டரில் வந்து இறங்கிவிட்டன. பப்பாளி நாற்று ரோஷக்காரச் செடி. ஒரு பகல் தண்ணீர் காட்டாவிட்டால் தலையைத் தொங்கப்போட்டுவிடும். மோட்டார் ஓடும் கரண்ட் பதினொன்றிலிருந்து இரண்டு வரைதான். மேஸ்திரி, நான், வள்ளியம்மா மூன்று பேரும் பாதையை அவசரமாக வெட்டிக்கொண்டிருந்தோம்.

பாதி வெட்டியிருப்போம், பக்கத்து நிலத்துக்காரர் சுப்பராயன் வந்து பள்ளத்துக்குள் இறங்கி நின்றார். பின்னால் அவருடைய ஆட்கள் இரண்டு பேர், கையில் தடியோடு.

"என் பாதைல எவன்டா கடப்பாரை போட்டது?"

மேஸ்திரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். நான் யாருக்கும் தெரியாமல் நகர்ந்து டிராக்டர் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

"இது எல்லாரும் போற வண்டிப்பாத, அண்ணா" என்றார் வள்ளியம்மா.

"யாரு சொன்னது? எம்ஆர்ஓ ஆபீஸ்ல போயி காயிதம் எட்த்துக்கினு வா. அப்பறம் பைப்பு போடு."

அந்தத் தாசில்தார் ஆபீசுக்கு நடந்து காகிதம் வாங்கப் பத்து நாள் ஆகும். நாற்றுக்கு அரை நாள்தான் இருந்தது. வள்ளியம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு சுப்பராயனின் வரப்போரத்து முள்புதருக்குப் போய்க் குத்தத் தொடங்கினார். முள் கிழித்து முழங்கை சிவந்துவிட்டது. தடிக்காரர்களில் ஒருவன் முன்னால் ஒரு அடி வைத்தான். மேஸ்திரி அவன் குறுக்கே போய் நின்றார். கடப்பாரைச் சத்தம் நிற்கவில்லை.

எவ்வளவு நேரமோ மண்தான் வந்தது. அந்த அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு 'டங்'கென்றது. சர்வே கல்.

"பாத இந்தக் கல்லுக்கு இந்தாண்ட, ஒங்க நெலம் அந்தாண்ட. ஒங்ககிட்ட கூலிக்கு வந்தப்ப நீங்க சொல்லித்தான இந்தக் கல்லு மேல நான் கூடைகூடையா மண்ணு கொட்னேன்? அப்ப ஏன்னு கேக்கல. இப்ப கேக்கறேன்."

சுப்பராயன் முகம் கறுத்துவிட்டது. "எங்க சோறு துன்னத மறந்துட்டியா?"

"வேல செஞ்சி துன்னேன், அண்ணா."

அவர் பள்ளத்திலிருந்து ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

குழாயைப் போட்டு மூடும்போது மணி ஒன்று. மோட்டார் போட்டால் உறுமியதே தவிர வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடும் வால்வைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். சான்றிதழ் பையில் பத்திரமாக இருந்தது. "நைனா, என் குடிய கெட்த்துடாத" என்றார் வள்ளியம்மா. அவர் குரல் நடுங்கியது அப்போதுதான். குழாயை அறுத்து, பசை தடவி, திருப்பி மாட்டினேன். கரண்ட் போக இருபது நிமிஷம் இருக்கும்போது கடைசி ட்யூபில் தண்ணீர் சொட்டியது. பொழுது சாயும் வரை மண் நனைந்த இடத்திலெல்லாம் எல்லாருமாக ஓடி ஓடி நட்டோம்.

பப்பாளி இரண்டு முறை நன்றாகவே காய்த்தது. ஆனால் சுற்றிலும் போர் மேல் போர் போட்டார்கள். மூன்றாம் கோடையில் வள்ளியம்மா போரில் காற்றுதான் வந்தது. அதே கோடையில் சுப்பராயனுடையதும் வற்றி, அவர் சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். இடுப்பு ஒடிந்து வள்ளியம்மாவின் கணவர் ஊர் திரும்ப, அவருக்குப் பதிலாக அந்த அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினார். ட்யூபைச் சுருட்ட எங்களைத்தான் கூப்பிட்டார்.

"பத்தரமா சுத்தி வைப்பா. வந்து மறுபடி போடணும்."

அந்தச் சுருள் மேஸ்திரி ஷெட்டில் பல வருஷம் கிடந்தது. ஓட்டைக் கூரை வழியாக வெயில் பட்டுப்பட்டு வெளுத்து, ஒருநாள் தூக்கப்போனபோது கையிலேயே நொறுங்கியது. இன்று மேஸ்திரி இல்லை, ஷெட் இல்லை. அந்த அம்மா திரும்பி வந்தாரா என்று யாரைக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.