நின்று வேலை பார்த்த ஞானபாக்கியம்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே கேட் பாஸ் அடிப்பவள் ஞானபாக்கியம். இருபத்தாறு வருஷமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. அவள் பாஸ் அடிக்காமல் எந்த டிரெய்லரும் வெளியே போக முடியாது. கிரேன் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைக்கிற வரைக்கும் டிரைவர்களுக்கும் வேறு போக்கிடம் கிடையாது. அவள் மேசைக்குப் பக்கத்தில் கிடக்கும் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? வீட்டுச் சண்டை, மகனின் அரியர்ஸ், எண்ணூர் ரோட்டு நெரிசல் என்று எல்லாவற்றையும் அங்கேதான் இறக்கிவைப்பார்கள். ஞானபாக்கியம் கண்ணைத் திரையிலும் காதை அவர்களிடமும் வைத்திருப்பாள்.

அதை வெட்டிப்பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூட இருந்த அம்மாவும் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சாயங்காலம் தண்டையார்பேட்டை வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனால், மறுநாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் அடுத்த வார்த்தை பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுவதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஐம்பத்து நாலு வயதில் இடுப்பு மக்கர் பண்ணியது. உட்காருவதைக் குறைக்காவிட்டால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் என்றால் ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தாள். ஒரு பெயரும் வரவில்லை. அந்த வாரமே, நின்றபடி வேலை பார்க்க ஆன்லைனில் ஒரு ஸ்டாண்டு வாங்கினாள். பழைய மேசைமேல் அதை வைத்து, கம்ப்யூட்டரையும் கீபோர்டையும் அதன்மேல் ஏற்றி, பக்கத்துப் பிடிகளை அமுக்கினால் மொத்தமும் முழங்கை உயரத்துக்கு எழும்பும். மறுபடி அமுக்கினால் இறங்கும். முதல் நாள் யார்டே வந்து வேடிக்கை பார்த்தது. இரண்டே வாரத்தில் வலி பாதியாகக் குறைந்தது.

டிரைவர்களும் குறைந்துபோனார்கள். முதலில் அவள் வீட்டுக்குக் கிளம்பி நிற்கிறாள் என்று நினைத்தார்கள். பிறகு, வயதில் மூத்த பொம்பளை நிற்கும்போது நாம் எப்படி உட்காருவது என்று கூச்சப்பட்டார்கள். "உக்காருப்பா" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். பாழாய்ப்போன மரியாதை, ஒருத்தனும் உட்காரவில்லை. பேப்பரைக் கொடுத்துவிட்டு, வண்டி நிழலில் போய் நின்று போனை நோண்டினார்கள். இத்தனை வருஷமும் ஸ்டூலுக்குத்தான் வந்திருக்கிறார்கள், நம்மைப் பார்க்க வரவில்லை என்று ஞானபாக்கியம் முடிவு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கேட்டில் காவல் இருக்கும் பக்தவச்சலம் தன் போனில் ஒரு கல்யாண போட்டோவைக் காட்டினார். காத்திவாக்கத்து டிரைவர் செங்குட்டுவனின் மகள் மாலையும் கழுத்துமாக நின்றாள். அந்தப் பெண்ணுக்கு நர்ஸிங் விண்ணப்பத்தை இதே மேசையில் வைத்துப் பூர்த்தி செய்து கொடுத்தவள் ஞானபாக்கியம். வந்த மாப்பிள்ளைகளின் போட்டோவையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்து அபிப்பிராயம் சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு அவளுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் செங்குட்டுவன் பேப்பரை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"பொண்ணு கல்யாணத்துக்கு எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலியா, செங்குட்டுவா?"

அவன் முகம் செத்துவிட்டது.

"நாலு வாட்டி பத்திரிகைய எத்துகினு வந்தேன்க்கா. நாலு வாட்டியும் நீ நின்னுகினு கீற. நின்னவாக்குல பத்திரிகை வெக்கக்கூடாதுன்னு எங்கூட்ல சொல்லுவாங்க. நீ உக்காந்ததும் குடுத்துக்கலாம்னு இருந்தேன். நீ உக்காரவே இல்ல."

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். வேலையாக நிற்பவளைப் பேஜாரு பண்ண வேண்டாம் என்று நினைத்தானாம். பத்திரிகை எங்கே என்றாள். வண்டியில்தான் இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை என்றான்.

"போய் எடுத்துகினு வா."

அவன் போனதும் பிடிகளை அமுக்கினாள். கம்ப்யூட்டர் இறங்கியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து கால் வரைக்கும் சுளீரென்று இழுத்தது. செங்குட்டுவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, இரண்டு கையாலும் பத்திரிகையைக் கொடுத்தான். அவளும் இரண்டு கையாலும் வாங்கினாள். நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவியிருந்தது. மண்டபத்தின் பெயர், மாப்பிள்ளையின் படிப்பு, தாய்மாமன்கள் பெயர் என்று ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்தாள். ஒன்பது நாள் முன்னால் முடிந்துபோன முகூர்த்தத்தையும் படித்தாள். பத்திரிகை வாங்கினால் எல்லாரும் என்ன சொல்வார்களோ, அது அவள் வாயில் தானாக வந்துவிட்டது.

"கண்டிப்பா வந்துடறேன்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பத்திரிகையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவசியம் வரணும்க்கா," என்றான் செங்குட்டுவன், தலையைத் தூக்காமல்.